மூக்கன் தின்றதா என்று கேள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். உன் தம்பி படுக்கையில் இருந்தாலும் இந்த வாரம் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறான். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தம்பியை மாடியிலிருந்து முன்னறைக்கு இறக்கிய பிறகு நாங்கள் மூவரும் அந்த ஒரே அறையில்தான் கிடக்கிறோம். நான் யாரோடு என்ன பேசினாலும் அவன் காதில் விழும். அவன் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அதனால் மீன் கொட்டகையில், பொட்டலம் கட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஈரக்கை பட்டு அங்கங்கே மை கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய காற்று மெத்தை வந்து சேர்ந்தது. முதுகுப் புண்ணுக்கு அது நல்லது என்று கட்டுப் போட வருகிற நர்சம்மா சொன்னார். அதன் மோட்டார் ஒருபக்கம் உறுமுகிறது, மீன் தொட்டிக் காற்று மோட்டார் இன்னொரு பக்கம் உறுமுகிறது. உன் அம்மா, "அவனுக்கு ஒரு மோட்டாரு, மீனுக்கு ஒரு மோட்டாரு, நான் ஒருத்திதான் இந்த வீட்டுல மோட்டாரே இல்லாம ஓடிக்கிட்டிருக்கேன்" என்கிறாள். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாள், டாக்டரிடம் வா என்றால் வரமாட்டேன் என்கிறாள், நீ சொன்னால் கேட்பாள். நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுவதாக மாப்பிள்ளை சொன்னார். அது வேண்டாம். ஒரு ரொட்டித் துண்டாவது வாயில் போட்டுக்கொண்டு கிளம்பு. சாப்பாட்டு விஷயத்தில் இந்த வீட்டில் பட்டது போதும்.

தம்பிக்கு நேர்ந்ததைப் போனில் உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னோம். ஒழுங்காகச் சொல்கிறேன். வழக்கம்போல அவனும் அவன் கூட்டாளி நண்டும் படகில் போயிருக்கிறார்கள். உனக்கு நண்டைத் தெரியும், உன் கல்யாணத்தில் நாற்காலி தூக்கிப் போட்டானே, பக்கவாட்டில் நடப்பவன், அவன்தான். தம்பி கீழே பாறை இடுக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மேலே படகில் இருந்து குழாய் வழியாகக் காற்று அனுப்புகிற இயந்திரம் நின்றுபோயிற்று. மூச்சு முட்டினால் யார்தான் நிதானமாக ஏறி வருவார்கள், அவன் ஒரே உதையில் மேலே வந்துவிட்டான். அப்படி வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக்கொள்ளும். அவனுக்கு அது முதுகுத்தண்டில் போய் அடைத்துவிட்டது. படகில் ஏறியதும் சிரித்தானாம். கரைக்கு வருவதற்குள் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. மூச்சு முட்டிய நேரத்திலும் இடுப்பில் கட்டியிருந்த மீன் பையை அவன் விடவில்லை. அந்தப் பையில் இருந்த ஒரே மீன்தான் இப்போது நம் முன்னறையில் இருக்கிற தொட்டிக்கு வந்தது.

அதைக் கொட்டகையில் மூக்கன் என்போம். உள்ளங்கை அகலம், வெள்ளை உடம்பில் ஆரஞ்சுப் பட்டை, பின்பக்கம் பொய்க்கண் மாதிரி ஒரு கரும்பொட்டு, முன்னால் குறடு மாதிரி நீண்ட மூக்கு. அழகுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, அடத்துக்கும் இல்லை. பிடித்துவந்த மூக்கனில் பாதி, தொட்டியில் போட்டதும் தின்ன மறுத்துவிடும். தின்னாத அலங்கார மீனை வெளிநாட்டு விமானத்தில் ஏற்ற முடியாது. ஏற்றினால் அந்தப் பக்கம் பிணம்தான் போய் இறங்கும். அதைத் தின்ன வைப்பதுதான் உன் அப்பனின் உத்தியோகம். உன் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டபோது நீ, மீனுக்குச் சோறு ஊட்டுகிறார் என்று சொல்லி வகுப்பே சிரித்ததாம், வந்து அழுதாயே, நினைவிருக்கிறதா. அந்த உத்தியோகம்தான். நண்டு கொண்டுவந்து கொடுத்த மூக்கனை முதலாளி பார்த்துவிட்டு, "வயிறு ஒட்டிப்போயிருக்கு, இது தேறாது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, பையன் கண்ணு முன்னால ஏதாவது நீந்தட்டும்" என்றார். தம்பியும் அந்த மீன்தான் வேண்டும் என்றான். கட்டிலுக்கு எதிரே தொட்டியை வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தம்பி சாப்பாட்டை நிறுத்திக்கொண்டான். முதலில் பசிக்கவில்லை என்றான், பிறகு உதட்டை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பான். தண்ணீர் மட்டும் குடிப்பான். டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, புண் ஆழமாகிக்கொண்டு போகிறது, உள்ளே சாப்பாடு போனால்தான் சதை வளரும், போகாவிட்டால் சீழ் இரத்தத்தில் கலந்துவிடும், அப்புறம் என்னைத் தேடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதை உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மா கெஞ்சினாள், திட்டினாள், அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்ததுபோல வாயருகே கரண்டியைக் கொண்டுபோய் விளையாட்டுக் காட்டினாள். அது அவளுக்கே தாங்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். தொட்டியைக் காட்டி, "அந்த மூக்கன் தின்னட்டும்ப்பா. அது தின்னா நானும் திங்கிறேன்" என்றான்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். இவ்வளவுதானா என்று நினைத்தேன். எத்தனை மூக்கனைத் தின்ன வைத்திருப்பேன் இந்தக் கையால். அவன் வேறு எதைக் கேட்டிருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பேன், நான் செய்யத் தெரிந்த ஒரே வேலையை அல்லவா கேட்டான் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். முதலில் உயிருள்ள பொடி இறால். மூக்கன் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போய்க் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கும், பிறகு, இதையா எனக்குப் போட்டாய் என்பதுபோலத் திரும்பிவிடும். அடுத்தது கடல் புழு. ஒன்றைக் கவ்வித் துப்பிற்று. தண்ணீரின் உப்பைக் கொஞ்சம் குறைத்தேன், கூச்ச சுபாவம் உள்ள மீனுக்கு அது தெம்பு தரும். தின்னுகிற சின்ன மீன் ஒன்றைத் துணைக்கு விட்டேன். பக்கத்தில் ஒருவன் வாய் நிறையத் தின்பதைப் பார்த்தால் சில மீனுக்கு ஆசை வரும். மூக்கன் அதைத் தொட்டி மூலைக்கு விரட்டிக் குத்த ஆரம்பித்தது, மறுபடி கொட்டகைக்கே கொண்டுபோய் விட்டேன். "மீனுக்கு ஊட்டுறதுல கால்வாசி நீங்க எனக்கு ஊட்டியிருந்தா நான் இந்நேரம் குண்டாகியிருப்பேன்" என்று உன் அம்மா சொன்னாள். தம்பியின் உதடு ஓரம் அசைந்தது. நான் பார்த்தேன்.

கடைசியாகக் கொட்டகையில் செய்கிற வேலையைச் செய்தேன். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்திவிடுவோம், மேலே மட்டும் கொஞ்சம் திறப்பு. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. உயிருள்ள சிப்பியைக் கத்தியால் பிளந்து, ஓட்டோடு பாறை இடுக்கில் செருகிவிட்டு விலகிவிட வேண்டும். தன்னை ஒருவரும் பார்க்கவில்லை என்று மீனுக்குத் தோன்ற வேண்டும், தானே தேடிக் கண்டுபிடித்த தீனி என்றும் தோன்ற வேண்டும். வீட்டில் இருந்த உன் பழைய கறுப்புத் தாவணிதான் கிடைத்தது, அதைத்தான் போர்த்தினேன். மறுநாள் காலை சிப்பி ஓட்டை எடுத்துப் பார்த்தால் உள்ளே சதை இல்லை, துடைத்து வைத்ததுபோல இருந்தது. இன்னொரு சிப்பியைச் செருகிவிட்டுத் துணியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கித் தம்பிக்குக் காட்டினேன். மூக்கன் ஓட்டுக்குள் மூக்கை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. யாரோ கதவைச் சாத்திவிட்டதுபோல இருந்தது முகம். பிறகு, "அம்மாவ வரச் சொல்லுங்க" என்றான். அரைக் கிண்ணம் சூப் குடித்தான். உன் அம்மா அடுப்படியில் போய் நின்று அழுதாள்.

அவன் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று எனக்கு அன்று புரியவில்லை. அந்த வார இறுதியில் நண்டு வந்தான். தம்பியைப் பார்த்துவிட்டு, தொட்டியையும் பார்த்துவிட்டு, என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "மாமா, அது இன்னுமா உசுரோட இருக்கு?" என்றான். ஏன்டா இருக்கக்கூடாது என்றேன். தலையைச் சொறிந்தான், காலைத் தேய்த்தான். கடைசியில் சொன்னான், "அன்னைக்கு வலை கொண்டு போகல மாமா. மருந்துதான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

மருந்து என்றால் உனக்குத் தெரியாது. அது விஷம். பாறை இடுக்கில் பீச்சினால் மீன் மயங்கி வெளியே வந்துவிழும், கையால் அள்ளிக்கொள்ளலாம். பார்க்க ஒரு குறையும் இருக்காது, நிறம் பளிச்சென்று இருக்கும். ஆனால் குடல் வெந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட மீன் தின்னாது, தின்றாலும் ஒட்டாது, தின்னத் தின்ன மெலிந்து செத்துப்போகும். என் மகன் இரண்டு கைவலையோடுதான் இறங்குவான், மருந்தைத் தொடமாட்டான் என்று முதலாளி முன்னால் எத்தனை தடவை மார்தட்டியிருப்பேன். அந்தக் கோபம் இருக்கட்டும். வாசலில் நின்றபடியே எனக்கு உறைத்தது வேறு. மருந்தில் பிடித்தது என்று அவனுக்குத் தெரியும். அது தின்னாது என்றும் தெரியும். கடலில் உள்ள அத்தனை மீனையும் விட்டுவிட்டு, தின்னவே முடியாத ஒன்றைக் காட்டி, அது தின்றால் நானும் தின்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். இதற்குமேல் நான் எழுத வேண்டாம், உனக்குப் புரியும். மூக்கன் சிப்பியைக் கொத்தியது அவன் கணக்கிலேயே இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லுக்காக வாயைத் திறந்தான். அந்தக் குணம் அவனுக்கு உன் அம்மா வழியில் வந்தது.

அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மருந்தைப் பற்றிக் கேட்டால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அதற்கு அவன் பதில் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன். மூக்கன் தின்ற நாளெல்லாம் அவன் தின்றான். நான் துணியைத் தூக்கித் தூக்கி அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு நிறையவில்லை, முதுகு கத்தி முனை மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. ஒரு காலை உன் அம்மா தம்பியைச் சுவர்ப் பக்கம் புரட்டி முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். தீனி போடத் துணியை விலக்கினேன். மூக்கன் வடிகட்டிக் குழாயின் வாயில் ஒட்டிக் கிடந்தது. அவன் திரும்புவதற்குள் கையை விட்டு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் ஈரம் இறங்கிற்று. சிப்பியைப் பிளந்து வழக்கம்போல இடுக்கில் செருகினேன். தம்பி திரும்பியதும், "தின்னுச்சாப்பா?" என்றான். தின்னுச்சு என்றேன். அவனும் ரொட்டியும் ஒரு முட்டையும் தின்றான்.

அன்றிலிருந்து நான் காலி தொட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன் மகளே. துணி போர்த்தியபடியே இருக்கிறது, மீன் இப்போதுதான் பழகிவருகிறது, வெளிச்சம் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஆபீஸ் போகிறவன்போல வேளை தவறாமல் கேட்கிறான், நானும் வேளை தவறாமல் சொல்கிறேன். கொட்டகையிலிருந்து வேறு மூக்கனைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்று யோசித்தேன். அந்த மீன் எந்தப் பாறையில் இருந்தது, எந்தப் பட்டை எங்கே வளையும் என்று பிடித்தவனுக்குத் தெரியாதா. உன் அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டையைத் துவைத்தது அவள்தான். பையில் என்ன நாற்றம் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டு தரம் சோப்புப் போட்டுக் காயவைத்திருந்தாள். புண்ணின் ஓரத்தில் புதுச் சதை சிவப்பாகத் தெரிகிறது என்று நர்சம்மா நேற்றுச் சொன்னார். இன்னும் பாதிப் புண் அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, கால் வராது என்பதில் மாற்றம் இல்லை. உனக்குப் பொய் நம்பிக்கை தர இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

இன்று நான் வேலைக்குக் கிளம்பும் முன் சிப்பியைப் பிளந்து போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தம்பி கூரையைப் பார்த்தபடியே, "அப்பா, தீனியக் கொஞ்சமா போடுங்க. மிச்சம் கிடந்து அழுகினா தண்ணி நாறிடும், அப்புறம் அம்மா உள்ள பாத்துருவாங்க" என்றான். நான் சரிப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தின்னுச்சா?" என்று கேட்டான். தின்னுச்சு என்றேன். தட்டுக்குக் கையை நீட்டினான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது தம்பியிடம் சாப்பிட்டாயா என்று கேட்காதே, அழாதே, தைரியம் சொல்லாதே. மூக்கன் தின்றதா என்று கேள். தின்றது என்பான். நல்லது என்று சொல்லிவிட்டுக் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடு, மாமா மாமா என்று எதையாவது உளறட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவர்மேல் ஒருவர் குறையாத அன்போடு, வயிறும் மனமும் நிறைந்து இருக்க வேண்டும். குழந்தைக்கு என் முத்தம். அம்மாவின் முழங்கால் விஷயத்தை மறந்துவிடாதே. இதைப் படித்ததும் கிழித்துப்போடு. சிப்பி வாங்க நேரமாயிற்று, கிளம்புகிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா