தேங்காய் எண்ணெயில் கிண்டிய முட்டை

இன்று காலை அடுப்படியிலிருந்து வெண்ணெய் உருகும் வாசம் வந்தது. நம் மகன் ரம்புக்கனையிலிருந்து ஒரு டின் வெண்ணெய் வாங்கி வந்திருக்கிறான். மருமகள் முட்டையைக் குழையக் கிண்டி, ஓரத்தில் சுட்ட பாண் ரொட்டித் துண்டும் வதக்கிய தக்காளியும் வைத்து, மிளகுத்தூள் தூவி என் முன்னால் நீட்டினாள். வாயெல்லாம் ஊறியது. உடனே உங்கள் ஞாபகமும் வந்தது. வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்தில் நீங்கள் துரை பங்களாச் சமையல்காரர், நான் இறப்பர் பால் வெட்டப் போகிறவள். காய்ச்சலில் விழுந்து, சோற்றைக் கண்டாலே எனக்குக் குமட்டிய நாட்களில், வாழையிலை மூடிய தட்டில் வெண்ணெயில் கிண்டிய முட்டையோடு நம் லயத்து வீட்டுக்கு வருவீர்கள். அந்த முட்டை ஒன்றுதான் என் வயிற்றில் தங்கியது. எப்படி இவ்வளவு மெத்தென்று வருகிறது என்று கேட்டதற்கு, "வேகறதுக்குள்ள சட்டிய எறக்கிடணும். மிச்சத்த அந்தச் சூடே பாத்துக்கும்" என்றீர்கள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் என் வாய் சும்மா இருக்குமா? பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், துரைசானிக்குச் செய்வதுபோல என் வீட்டுக்காரர் எனக்கென்று தனியாகச் செய்து கொண்டுவருகிறார் என்று பெருமையடித்தேன். பங்களா வாசல் கூட்டுகிற முனியம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

"தனியாவா? தொரைக்கு வயிறு சரியில்ல. ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டத் திருப்பி அனுப்புறாரு. அதத்தான்டி நீ திங்கிற."

பீலியே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நீங்கள் உண்டு எழுந்த தட்டில் சோறு போட்டுத் தின்றவள் நான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வேற்று ஆணின் எச்சிலை, அதுவும் வழித்து வழித்துத் தின்றிருக்கிறேன். நிற்க முடியாமல் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று நீங்கள் கொண்டுவந்த தட்டை நான் தொடவில்லை. முனியம்மா சொன்னதைச் சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை.

"அவரு கரண்டி வச்ச பக்கத்த ஒதுக்கிட்டுத்தான் கொண்டாந்தேன். வேற என்னத்தக் குடுத்து ஒன்னயப் பொழைக்க வைக்கிறது?"

இதைச் சொல்லும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றீர்கள். உங்களை அப்படி நிற்கவைத்ததை நினைத்து எனக்கு இன்னும் கூசியது.

மறுநாள் விடிந்ததும் விற்க வைத்திருந்த நம் கோழி முட்டையை எடுத்து, நம் அடுப்பிலேயே, தேங்காய் எண்ணெய் விட்டுக் கிண்டினீர்கள். முதல் வாயை நீங்கள் தின்றுவிட்டு, தட்டை என் பக்கம் தள்ளினீர்கள்.

"இப்ப இது என் எச்சி. சாப்புடு."

அழுதுகொண்டே தின்றேன். எண்ணெய் வாடை, விறகுப் புகை, போதாததற்கு அடியும் கொஞ்சம் பிடித்திருந்தது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். "பங்களா முட்டையவிட இதுதாங்க ருசி" என்றேன். பாவம், நீங்கள் நம்பிவிட்டீர்கள். நீங்கள் கண்மூடும்வரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதையே கிண்டி, முதல் வாயைத் தின்று, தட்டைத் தள்ளினீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். சொல்லும்போதெல்லாம் இந்தப் பாழாய்ப்போன நாக்கு துரை மிச்சம் வைத்த அந்த வெண்ணெய் ருசியைத்தான் தேடியது. பீலியில் பட்ட அவமானம் எப்போதோ ஆறிவிட்டது. இது மட்டும் ஆறவில்லை.

"எப்படி இருக்கு அத்தை?" என்று மருமகள் கேட்டபோது நான் தட்டையே வழித்து முடித்திருந்தேன்.

"நல்லா இருக்கும்மா. ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் தேங்காண்ணெயில கிண்டிக் குடு" என்றேன்.

அவள் முகம் சுளித்தாள். எனக்கும் அது பிடிக்காதுதான். முதல் வாயை உங்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதியைத் தின்பேன்.