முதுகைத் தொடப் பயம்

அப்பா,

குளிப்பாட்டிய குழந்தையை ஆயா இப்போதுதான் என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். தலையில் சாம்பிராணி வாசனை. பிறந்ததிலிருந்து இவள் முதுகை நான் மட்டும் தொடவில்லை. எனக்கு இருந்தது இவளுக்கும் இருந்தால்? ஒன்றுமில்லை என்கிறார்கள் எல்லாரும். என் முதுகைப் பார்த்தும் அப்படித்தானே சொன்னார்கள்!

நான் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஒரு தோள் ஏறிக்கொண்டது. முதுகெலும்பின் கணுக்கள் சில கருவிலேயே ஒட்டிப்போயிருந்தனவாம். மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு அலுத்த வெள்ளைக்கார சர்ஜன், கால் எலும்பில் ஒரு சில்லு எடுத்து முதுகில் பதித்தால் மேற்கொண்டு வளையாது என்றார். கை தவறினால் கால்கள் விளங்காமல் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கிடர்பூர் துறைமுக ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக நீங்கள் கூடத்தில் நடைபோட ஆரம்பித்துவிடுவீர்கள்.

"கூனியா இருந்தா இவளை யார் பண்ணிப்பா?" என்பாள் அம்மா.

"முதுகு வளைஞ்சு குழந்தைக்கு மூச்சே முட்டறது. கல்யாணத்தைப் பத்திப் பேச வந்துட்டா!" என்று சீறுவீர்கள். ஆனாலும் கடைசியில் சர்ஜனிடம் சம்மதம் சொன்னது நீங்கள்தான்.

மயக்கம் தெளிந்தபோது எனக்கு அந்த ஊர்ப் பாஷையான பெங்காலி மறந்துபோயிருந்தது. தமிழில் ஏதோ முனகினேனாம். நர்ஸ் உங்களை உள்ளே இழுத்து வந்தாள். காலை அசைக்க முடிகிறதா என்று என்னிடம் கேட்கச் சொன்னார் சர்ஜன். நீங்களோ, "தாகமா இருக்காடி கண்ணு?" என்றீர்கள். "தலை சுத்தறதா? அம்மா வெளியிலதான் இருக்கா." காலைத் தவிர எல்லாவற்றையும் கேட்டீர்கள். என்ன சொல்கிறாள் என்று சர்ஜன் அதட்டினார். நீங்கள் என் கம்பளியை இழுத்து இழுத்துப் போர்த்தினீர்கள். எனக்கோ ஒரே எரிச்சல்.

"கம்பளி குத்தறதுப்பா!" என்று காயமில்லாத காலால் அதை உதைத்துத் தள்ளினேன்.

கோட்டும் தலைப்பாகையுமாக நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். "கீ ஹோலோ, பாபு?" என்று, என்ன ஆயிற்றோ என்று நர்ஸ் பதறிப்போனாள்.

அப்புறம் மாதக்கணக்கில் படுக்கை. தோள் இன்றும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. பேத்தியைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். போகும்போது அந்தப் பயத்தையாவது கையோடு கொண்டுபோயிருக்கக் கூடாதா? அப்படியே என்னிடம் விட்டுவிட்டீர்கள்.

இதோ, பேனாவை வைத்துவிட்டு அவளை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டேன். பிடரியிலிருந்து இடுப்புவரை மெல்ல விரலை ஓட்டினேன்.

நேராகத்தான் இருக்கிறது, அப்பா. சாயங்காலம் இன்னொரு தடவை பார்ப்பேன்.