காசிக்குப் போன பூட்டன்

இஞ்சாருங்கோ,

நீங்கள் போன் எடுக்கிறியள் இல்லை. அதுதான் எழுதுறன். ரொறொன்ரோவிலை குளிர் கூடவாம், காதை மூடிக்கொண்டு திரியுங்கோ.

மகள் ஒரு கிறிஸ்தவப் பொடியனைக் கட்டப்போறாள் எண்டதுக்கு, "எங்கடை பரம்பரையிலை வேதக்காரர் ஒருத்தரும் இல்லை" எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் போனை வைச்ச அண்டைக்கு மகள் அழுவாள் எண்டு பாத்தன். அவள் அழேல்லை. "காசிக்குப் போன பூட்டனோடை ஆரம்மா துணைக்குப் போனது?" எண்டு கேட்டாள். அப்பிடியொரு பேரை உங்கடை வீட்டிலை ஆரும் சொன்னதில்லை.

பிறகு சனிக்கிழமையளிலை உடுவில் தேவாலயத்துக்குப் போய், சவக்காலையிலை புதைச்ச ஆக்களின்ரை பழைய பதிவுகளை ஒவ்வொரு பக்கமாய்ப் பாத்தாள். "நாங்கள் எரிக்கிற ஆக்கள், அங்கை ஆரைத் தேடுறாய்?" எண்டு நான் சிரிச்சன்.

போன கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வேப்பமரத்தடியிலை பாசி பிடிச்ச கல்லு. காசியிலை சிவபதமடைஞ்சவர் எண்டு நீங்கள் கீரிமலையிலை தர்ப்பணம் குடுத்த உங்கடை பூட்டன் ஆழ்வாப்பிள்ளை அதுக்குக் கீழை கிடக்கிறார். பதிவிலை தேப்பன் பேரும் எங்கடை காணிப் பேரும் காணி உறுதிப் பத்திரத்திலை இருக்கிறமாதிரியே இருக்கு. எங்கடை அளவெட்டிக்குக் காசி இவ்வளவு கிட்டவெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு.

வேறை பிள்ளையெண்டால் அண்டைக்கே உங்களோடை சண்டைக்கு வந்திருக்கும். இவள் கல்லைக் கழுவி, செவ்வரத்தம்பூ வைச்சு, "அப்பா வந்தால் கும்பிடட்டும்" எண்டாள். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அந்தப் பிடிவாதம் உங்கடைதான்.

தையிலை வாங்கோ. கலியாணத்துக்கு வரச்சொல்லி நான் கேக்கேல்லை. பூட்டனைப் பாக்க வாங்கோ. கலியாணமும் அதே தேவாலய வளவுக்கைதான்.

உங்கடை மனுசி