ஆளுக்கு ஒன்றாகப் பிரித்த ஸ்பீக்கர்

என் பாட்டுக்கார அப்பாவுக்கு,

வடாலாவிலிருந்து உங்கள் ஜெயசீலி எழுதுகிறேன். சுகமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் பாடகர் குழுவுக்குப் பஞ்சம் இருக்காது. அங்கேயும் உங்களைக் கடைசி வரிசையில், வலது ஓரத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள் இல்லையா?

நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். செம்பூர் வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்கள் சும்மா விட்டதில்லை. மூங்கில் நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டு, “எப்பிடி இருக்கு, சொல்லுங்க” என்று முகத்தையே பார்ப்பீர்கள். வந்தவர் காபி ஆறுகிறதே என்ற கவலையில் பிரமாதம் என்று சொல்லித் தப்பித்துவிடுவார். நானும் தம்பியும்கூட நல்லா இருக்கு என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன், கேளுங்கள். கொஞ்சம் திட்டும் வரும்.

ரிட்டயராகி, அணுசக்தி நகருக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கிற ஓட்டம் நின்ற கையோடு நீங்கள் செய்த முதல் காரியம் அந்த ஸ்பீக்கர் ஜோடியை வாங்கி வந்ததுதான். இடுப்பு உயரம், ஒரு சாண் அகலம், தரையிலேயே நிற்கிற இரண்டு கறுப்புப் பெட்டிகள். நாம் நிற்கவே இடமில்லாத ஹாலில் இதுகளும் நிற்க வேண்டுமா என்று அம்மா கேட்டாள். சின்ன ஸ்பீக்கர் வாங்கினால் அதை வைக்க ஸ்டாண்டு வேண்டும், ஸ்டாண்டும் இதே இடத்தைத்தான் அடைக்கும், அதற்கு உடம்பு முழுக்கப் பாடுகிற ஸ்பீக்கராகவே வாங்கிவிடலாமே என்று நீங்கள் கணக்குச் சொன்னீர்கள். அம்மா மசியவில்லை. அப்புறம்தான் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னீர்கள்.

“ரெண்டு பிள்ளைக்கு ரெண்டு. ஒண்ணு ஜெயாக்கு, ஒண்ணு சாமுக்கு. நாளைக்குச் சண்டை வராது பாரு.”

அந்தச் சிரிப்பை நாங்கள் உயிலாக எடுத்துக்கொண்டோம், அப்பா.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகப் பேச்சு நடந்துகொண்டே இருந்ததே, நீங்கள் போன பிறகு அது முடிவாகிவிட்டது. வீட்டைக் காலி செய்தோம். புதுக் கட்டடம் எழும்பும்வரை அம்மா கொஞ்ச நாள் என்னிடம், கொஞ்ச நாள் கோபர்கைரனேயில் சாமுவிடம் என்று ஏற்பாடு. முதல் முறை என்னுடையது. குத்துவிளக்கு, சாப்பாட்டுத் தட்டு என்று எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தோம். ஸ்பீக்கர் முறை வந்தபோது நான் ஒன்றைத் தூக்கினேன், அவன் ஒன்றைத் தூக்கினான். அவரவருக்கு அப்பா சொன்னது கிடைத்தது என்று இரண்டு பேருக்கும் நிம்மதி. ஜோடியாகக் கேட்கவேண்டிய சாமானைப் பிரிக்கிறோமே என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? இதில் நான் கணக்கு ஆபீசர், அவன் என்ஜினீயர்.

நீங்கள் பின்பக்கம் ஒட்டியிருந்த காகிதத்தில் எனக்கு வந்ததில் ‘இடது’ என்றும் அவனுக்குப் போனதில் ‘வலது’ என்றும் இருந்தது. உங்கள் ஆம்ப்ளிஃபயர் எனக்கு வந்தது. அவன் சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டான். நான் இடதை ஆம்ப்ளிஃபயரின் இடது பக்கத்திலும் அவன் வலதை வலது பக்கத்திலும் செருகினோம். பிள்ளைகளைக் கீழ்ப்படிதலோடு வளர்த்திருக்கிறீர்கள்.

என் வீட்டில் அது ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றது. ஒற்றையாக இருந்தாலும் குறை சொல்ல முடியாத சாமான்தான். சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். மிக்சி ஓடும்போதுகூட யார் பாடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் பாட்டு முழுக்கப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. செம்பூர் ஹாலில் சுவரே விலகின மாதிரி இருக்குமே, அது இல்லை. மேலே அம்மா மூக்குக்கண்ணாடியை வைப்பாள். அந்த உயரம் அவளுக்குத் தோதாக இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், தாராவி கோயில் பாடகர் குழுவின் பழைய கிறிஸ்துமஸ் குறுந்தகட்டைப் போட்டேன். நீங்களும் அம்மாவும் சேர்ந்து பாடினது. அதை மட்டும் சாமு நகல் எடுத்திருந்தான், ஆளுக்கு ஒன்று. எங்கள் பாகப்பிரிவினையில் பழுதில்லாமல் பிரிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பெண்கள் வரிசை கணீரென்று கேட்டது. அம்மா குரல் தனியாகவே தெரிந்தது. அவளுக்குக் கூச்சம். தன் சத்தத்தையே எத்தனை நேரம் கேட்பது என்று முணுமுணுத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். பாட்டு முடிந்தது. அவள் கை நின்றது.

“ஏட்டி, சட்டுனு முடிஞ்சிட்டே. ஒங்கப்பா சத்தத்தக் காணலியே.”

உங்களுக்குத் தெரியும் அவள் எதைத் தேடினாள் என்று. எல்லாரும் கடைசி ஸ்வரத்தை முடித்த பிறகும் நீங்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பீர்களே, அதை. சனிக்கிழமை ஒத்திகையில் குழுத் தலைவர் அதற்காக எத்தனை தடவை உங்களைக் கடிந்திருப்பார்! “மூச்சு மிச்சம் இருந்தா என்ன செய்ய?” என்று அப்பாவியாகக் கேட்பீர்கள். பதிவு செய்த அன்றைக்கும் அடங்கவில்லை. ஊருக்கெல்லாம் பிழையாகத் தெரிந்த அந்த இடத்துக்காகத்தான் அம்மா கீரையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். என் ஸ்பீக்கரில் அது இல்லை. கடைசி வரிசையின் வலது ஓரம் சாமுவின் ஸ்பீக்கரோடு கோபர்கைரனேயில் இருந்தது.

அன்றைக்கே சாமுவுக்குப் போன் செய்தேன். அம்மாவுக்காக அதைக் கொண்டு வா, இரண்டையும் ஒரே இடத்தில் வைப்போம் என்றேன். அவன் முடியாது என்றான். அப்பா எனக்கென்று சொன்னது, யாருக்கும் தர மாட்டேன் என்றான். மறுபடி கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். அவன் பேச்சை மாற்றினான், அப்புறம் போனையே எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஒரு மரப்பெட்டிக்காகப் பெற்றவளை ஏங்கவைக்கிறவன் என்ன பிள்ளை என்று நினைத்தேன்.

ஆனால் நானும் உங்கள் மகள்தான். அம்மா ஜாடையைவிட உங்கள் பிடிவாதம்தான் எனக்கு அதிகம் என்று சொல்வார்கள். அவன் தராவிட்டால் என்னுடையதை அங்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவு கட்டினேன். எனக்கு ஸ்பீக்கர் இல்லாமல் போகும், போகட்டும். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்ஸிக்காரர் டிக்கியில் படுக்கப்போடச் சொன்னார். அம்மா சம்மதிக்கவில்லை. உங்கப்பா அதை நிற்கவைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரே பிடிவாதம். ஆகவே உங்கள் நீலப் போர்வையைச் சுற்றி, என் வீட்டுக்காரர் வடாலா ஸ்டேஷன்வரை தூக்கிவந்து மகளிர் பெட்டியில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நெரிசல் இல்லை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அது. எதிரில் இருந்த அம்மாள் போர்வைக்குள் என்ன என்று இந்தியில் கேட்டாள். அம்மாவின் இந்தி உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆதா ஹை” என்றாள். பாதி இருக்கிறது என்று. அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை.

வாஷியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த சாமு என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி அவன் ஸ்பீக்கரை மறைத்துக்கொண்டு நின்றான், அப்பா. தலை நரைத்த மனுஷன்.

“ஏல, கொண்டுபோக வரல. கொண்டாந்திருக்கேன்” என்றேன்.

போர்வையை அவிழ்த்ததும் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். 

“யக்கா, இதுல அப்பா தனியாப் பாடுதாவ. பொம்பளையாளுக சத்தம் எங்கயோ தூரத்துல கேக்கும், அப்பா மட்டும் பக்கத்துல நிக்க மாரி இருக்கும். ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த ஒரு பாட்டத்தான் போடுவேன். ஒங்கிட்ட குடுத்துட்டா நான் எங்க போவேன்?”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்க வந்தவள் கேட்கவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது? அம்மா அவன் தலையில் கைவைத்து, போய் முகத்தைக் கழுவிவிட்டு வா என்றாள்.

அவன் ஸ்பீக்கரை வைத்திருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மூலையில் ஒட்டித் தள்ளி, மேலே மணிபிளாண்ட் தொட்டி. தண்ணீர் வட்டம் பதிந்திருந்தது. மூலையில் ஒட்டினால் கீழ் ஸ்தாயி எல்லாம் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறீர்கள். செம்பூரில் நீங்கள் அடியில் வைத்திருந்த கிரானைட் துண்டைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தான். வாயில் வந்ததையெல்லாம் திட்டிவிட்டேன். உங்கள் பங்குக்கும் சேர்த்து.

சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது? எனக்கும் நினைவில்லை, அவனுக்கும் நினைவில்லை. அவன் போனில் தேட ஆரம்பித்தான். அம்மா, தொடப்பத்தை எடுத்து வா என்றாள். செம்பூரில் நடந்த பழைய தகராறு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் ஸ்பீக்கரை ஹாலின் நடுவுக்கே இழுப்பீர்கள். அவள் சுவரோடு தள்ளுவாள். கடைசியில் தொடப்பம்தான் பஞ்சாயத்து செய்தது. பின்னால் தொடப்பம் குறுக்கே போய்த் திரும்பி வர வேண்டும், அதற்கு மேல் ஒரு விரல் கூடாது.

“போயித் திரும்பணும். ம், இப்பத் திரும்புது. விடு” என்றாள். சாமு தன் கிரானைட் துண்டையும் நான் பையில் கொண்டுவந்ததையும் துடைத்து அடியில் கொடுத்தான். முதலில் ஒயரை மாற்றிச் செருகிவிட்டான். பாட்டு சொத்தையாக வந்தது. சிவப்பையும் கறுப்பையும் சரிபார்த்து மறுபடி போட்டான்.

என் அபிப்பிராயம் கேட்டீர்களே, இதோ. இந்த அளவுப் பெட்டியிலிருந்து இவ்வளவு பெரிய கோயில் எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. கண்ணை மூடினால் பெட்டிகளே இல்லை. பெண்கள் முன்னால் இடது பக்கம், ஆண்கள் பின்னால், நடுவில் ஆர்கன், இருமுகிறவர்கள்கூட அவரவர் இடத்தில். கீழ் ஸ்தாயி காலுக்கடியில் தெரிகிறது, ஆனால் அதிரவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டவில்லை.

இடது பக்கம் ஒரு குரல் எழும்பியது. சாமு திரும்பி, “இது நீயாம்மா?” என்றான். அவன் வீட்டில் இத்தனை நாளும் அம்மா தூரத்து இரைச்சலாகத்தான் இருந்திருக்கிறாள். பின்னே யாராம் என்று அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. எல்லாக் குரலும் ஓய்ந்தன. 

நீங்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

அம்மா ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால், ஜன்னல் திரைப்பக்கம் கையை நீட்டினாள்.

“அந்தா நிக்காவ. எல்லாரும் முடிச்சாச்சி, இன்னும் நிக்காவ பாரு.”

அப்பா, இப்போது இரண்டும் கோபர்கைரனேயில்தான் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானும் அங்கே போய்விடுகிறேன். என் வீட்டில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அம்மா என்னிடம் வந்திருக்கும்போது பழக்கத்தில் மூக்குக்கண்ணாடியை அங்கே வைக்கப் போய்க் கையை இழுத்துக்கொள்கிறாள். எனக்கு வருத்தமா என்றால், இருக்கிறது. ஆனால் சம்மதித்துக் கொடுத்த வருத்தம் அது.

வாக்குக் கொடுக்கிறேன், கேளுங்கள். செம்பூர்ப் புது வீட்டுச் சாவி கைக்கு வருகிற அன்று, பால் காய்ச்சுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் உள்ளே கொண்டுபோவோம். நிற்கவைத்தேதான். அம்மா தொடப்பத்தை வைத்து இடம் சொல்வாள், சாமு தூக்குவான், நான் மேற்பார்வை பார்ப்பேன். மணிபிளாண்ட் பக்கத்தில் வராது. இனி யார் என்ன சொன்னாலும், நீங்களே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாலும், ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க மாட்டோம். அந்தப் பாட்டை, நீங்கள் முடிக்கும்வரை யாரும் நிறுத்தவும் மாட்டோம்.

உங்கள் மூத்த மகள்,
சாமுவின் அக்கா,
ஜெயசீலி