வேப்பங்கொத்து நட்ட பாலம்

கோலா சாவா,
சுபானு வருஷம், சித்திரை 12

அன்பு பஞ்சாலைக்கு,

ஜப்பான்காரன் வருஷத்தைத்தான் போட வேண்டும் என்கிறார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. மதார் மைதீன் பாய் உப்பு மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவரும் கடிதத்துக்கு எந்த வருஷம் போட்டால் என்ன? நம் வருஷத்தையே போட்டிருக்கிறேன்.

உன் தம்பி சந்திரன் கால் எப்படி இருக்கிறது? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இல்லை, பொய். நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. உன் கறுப்புக் கோழி என் கட்டிலுக்கடியில் முட்டையிட்டுவிட்டு, எடுக்கப் போனால் கையைக் கொத்துகிறது. அதற்கும் உன் புத்திதான்.

என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. அன்று உன் அம்மா ஊர் சுவாவிலிருந்து மாட்டு வண்டியில் திரும்பும்போது ஓடைப் பாலத்தின் நடுவில் வேப்பங்கொத்து நட்டிருந்தது. திருவிழா மாதம். ஆத்தாளுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள், எல்லையில் கொத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். மாடு நேரே போனது. கொத்துக்குப் பின்னால் பலகை இல்லை. வண்டி சாய்ந்து, மரவள்ளி மூட்டையெல்லாம் பின்னால் இருந்த சந்திரன்மேல் விழுந்தது.

பலகை இல்லை என்பதற்கு அடையாளமாம் அந்தக் கொத்து! "குறி வச்சிருந்தாங்கல்ல, நீ ஏன்டா நிக்கல?" என்கிறார் கிராணி தங்கராஜு. நான் கள் குடித்திருந்தேன் என்று லயத்து வீடுகளெல்லாம் பேச்சு. நீயும் நம்புகிறாயா? ஒரு வரி எழுது.

உன்
முனியாண்டி


சுவா,
சித்திரை 20

மாமாவுக்கு,

தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருந்து இல்லை, வேறு வழியும் இல்லை என்றார்கள். அம்மா உங்கள் பெயரைச் சொல்ல விடுவதில்லை. நான் கிணற்றடிக்குப் போய் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்.

கோபத்தில் வரவில்லை. தம்பியைத் தூக்கிப் போட்ட லாரியில் அப்படியே ஏறி வந்தேன். கள் கதையை நம்ப எனக்கென்ன பைத்தியமா? உங்கள் வாயில் கள் வாடை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் நான் நம்பினால் போதாது. வெள்ளைக்காரன் காலத்தில் அப்பா ரப்பர் ஸ்டோர்ப் படி உடைந்து விழுந்தபோது, லேபர் ஆபீஸ் துரை வந்து விசாரித்தார். தோட்டம்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை வாங்கிக் கொடுத்தார். இப்போதும் சிரம்பானில் கோர்ட் நடக்கிறது. மாஜிஸ்திரேட் பழைய ஆள், மலாய்க்காரர். போய்ச் சொல்லுங்கள். குற்றம் ரோட்டின் மேல் என்று எழுத்தில் வரட்டும். பிறகு அம்மா முன்னால் நானே உங்களைக் கைபிடித்து அழைத்து வருவேன். அதுவரை வராதீர்கள்.

கோழியை விட்டுவிடுங்கள். அடைக்கு உட்காரட்டும்.

பஞ்சாலை


கோலா சாவா,
வைகாசி 3

அன்பு பஞ்சாலைக்கு,

நீ சொன்னபடி மனுக் கொடுத்துவிட்டேன். ரோட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆறுமுகம் என்னிடம் வந்து அழுதான். பாலத்துப் பலகை உளுத்து விழுந்ததை அப்போதே கிராணியிடம் சொன்னானாம். "பலகையெல்லாம் ஜப்பான்காரன் எடுத்துக்கிட்டான், எதையாச்சும் நட்டு வைலா" என்றாராம். கோயிலில் கழித்துப் போட்ட வேப்பங்கிளை கிடந்தது, அதை நட்டுவிட்டான். ரப்பர்க் கிளையை நட்டிருந்தால் நான் நின்றிருப்பேன், பஞ்சாலை.

கிராணிக்கு மனு விஷயம் தெரிந்துவிட்டது. "ரோடு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடது. துரை சிங்கப்பூர் ஜெயில்ல இருக்கான்லா, அங்க போய்க் கேஸு போடு" என்று முதலில் சிரித்தார். பிறகு தனியாகக் கூப்பிட்டார். "குடிச்சிருந்தேன்னு கையெழுத்துப் போடு. ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு ஆள் கேக்குறான். உன் பேர எழுத மாட்டேன். கோர்ட்டுக்குப் போனா மொதப் பேரு உன்னுது."

கையெழுத்துப் போட்டால் உன்னோடு இருப்பேன், மச்சினன் காலை எடுத்த குடிகாரனாக. போடாவிட்டால் நல்லவனாக இருப்பேன், சயாமில். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

நீ சொல்கிறபடி செய்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை கோர்ட். அதற்குள் பதில் எழுது. பதில் வராவிட்டால், முன்பு சொன்னதுதான் உன் பேச்சு என்று எடுத்துக்கொள்வேன்.

முனியாண்டி


சுவா,
வைகாசி 5

மாமா,

கையெழுத்துப் போட்டுவிடுங்கள். குடிகாரன் பெண்டாட்டி என்று ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும். தம்பியே சொல்கிறான்: "போன காலு போச்சு, மாமாவும் எதுக்குக்கா போகணும்?" அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

எனக்கு நியாயம் வேண்டாம், நீங்கள் வேண்டும். உங்கள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டேன், தேடினீர்களா? இன்னும் துவைக்கவில்லை. துவைக்க மனசு வரவில்லை.

பாய் சைக்கிளோடு காத்திருக்கிறார். போட்டுவிடுங்கள்.

உங்கள்
பஞ்சாலை


கோலா சாவா,
வைகாசி 16

அன்பு பஞ்சாலைக்கு,

மழையில் ஓடைப் பாலத்தில் மிச்சம் இருந்த பலகைகளும் போய்விட்டன. சுவா பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை, பாயும் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலைவரை பாதையைப் பார்த்துவிட்டு, சிரம்பானுக்கு நடந்தேன்.

"ஏன் நிற்கவில்லை?" என்று மாஜிஸ்திரேட் துவான் கேட்டார். "சாமி கொத்து துவான், கும்பிட்டேன்" என்றேன். மொழிபெயர்க்க வந்த தமிழர் தலையைக் குனிந்துகொண்டார். ஆறுமுகமும் தைரியமாகச் சாட்சி சொன்னான். குழியில் கொத்து நட்டால் ரோடு சரியாகிவிடாது, வண்டியை விடுகிற தோட்டம்தான் பாலத்தையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு. சந்திரனுக்குத் தராசுக் கொட்டகையில் வேலையும் அரிசியும் தர வேண்டும். முத்திரை போட்ட காகிதத்தை உனக்காக ஆறுமுகத்திடம் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

கிராணியும் சொன்ன சொல் தவறவில்லை. நாளைக்கு லாரி வருகிறது. லுக்குட் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு அது ஓடையைத் தாண்ட வேண்டுமே, ஒரே நாளில் பலகை வந்துவிட்டது! ஆணி அடிக்க எங்களையே விட்டார்கள். நன்றாக அடித்திருக்கிறேன். ஆடாது. நீ பயமில்லாமல் வரலாம்.

"போட்டுவிடுங்கள்" என்று எழுதுவாயோ என்று எனக்கு ஆசை இருந்தது. மறைப்பானேன், எழுதவில்லையே என்று வருத்தமும்தான். ஆனால் நீ நினைத்ததுதான் சரி. எழுதியிருந்தால் நான் போட்டிருப்பேன்.

கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

உன்
முனியாண்டி


கோலா சாவா,
ஆனி 12

என் மாமாவுக்கு,

சயாமில் எந்த இடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நம் வீட்டுக்கு வந்துவிட்டேன். தம்பி தராசுக் கொட்டகையில் இருக்கிறான். தீர்ப்பைப் படித்ததும் அம்மா, "முனியாண்டி சாப்புட்டானோ என்னமோ" என்று தானாகவே உங்கள் பெயரைச் சொல்லி அழுதாள். குஞ்சுகள் பொரித்துவிட்டன. தாய்க்கோழி என்னையும் கொத்துகிறது.

பாலத்தை நடந்துதான் கடந்தேன். பலகை ஆடவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிட மட்டும் கை வரவில்லை.

உங்கள் லாரி போன அன்று மத்தியானமே பாய் அந்தப் பலகை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். என் கடிதத்தை ஆறுமுகம் பிரிக்காமல் வைத்திருந்து என்னிடமே கொடுத்தான்.

நான் பதில் எழுதினேன், மாமா. போட்டுவிடுங்கள் என்றுதான் எழுதினேன். இதை மட்டும் யாராவது உங்களிடம் சொல்ல வேண்டும்.

உங்கள்
பஞ்சாலை