இரண்டாம் பூ வராத வருஷம்

நம்ம கோமதியோட அப்பாவுக்கு,

என்னங்க, எப்படி இருக்கீங்கன்னு கேக்கத்தான் வாய் வருது. பதில் வராதுன்னு தெரிஞ்சும் கேக்கறேன். நீங்க போய் ஒண்ணரை வருஷம் ஆகுது.

இங்க மலையில மழை பரவாயில்ல. சாமை கதிர் வாங்கியிருக்கு. கோமதி ரெண்டாவது போறா. நீங்க வாத்தியாரா இருந்த அதே பள்ளிக்கூடத்துல எனக்குச் சத்துணவு சமைக்கிற வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. ஒடுகத்தூர்லேர்ந்து உங்க அக்கா வந்து எங்களோடயே இருக்காங்க. சின்னவனைக் குளிப்பாட்டறது, சோறூட்டறது, தூங்க வெக்கறது எல்லாம் அவங்கதான். அவங்க இல்லேன்னா நான் வேலைக்கே போக முடியாது. இதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் சொல்றதைக் கேட்டு அவங்க மேல கோவப்படக் கூடாது.

உங்க டே லில்லி இந்த வருஷம் ரெண்டாந்தரம் பூக்கல.

வருஷக்கணக்கா நிக்கிற செடிங்களாப் பாத்துப் பாத்துப் போட்ட தோட்டத்துல, அதுதானே உங்களுக்கு உசிரு? ஏலகிரியிலேர்ந்து மடியில வெச்சுக்கிட்டு வந்தீங்க. காலையில விரிஞ்சு ராத்திரிக்குள்ள சுருங்கிடற பூ. தினமும் ஒரு ஆள் கை வெக்கணும். வாடினதைக் கிள்ளி, காய் புடிக்க விடாம தண்டை அடியோட நறுக்கினாத்தான் ஆவணியில மறுபடி தண்டு விடும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் தூரைப் பிரிச்சு நடணும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சு இன்னா பண்றது?

தாலி இறங்கினவ பூச்செடியில கை வெச்சா ஆகாதுன்னு அக்கா வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. அதட்டல, அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. "ரெண்டு புள்ளைங்கள வெச்சிருக்கே. அதுங்களுக்கு ஒண்ணுன்னா ஊரு உன்னத்தான் பேசும்"னாங்க. அந்த வார்த்தையில நான் அடங்கிட்டேன். சித்திரை மழைக்கு மஞ்சளும் காவியுமா பூத்துது, ஜன்னல்லேர்ந்து பாத்தேன். தண்டுக்குத் தண்டு காய் பெருத்ததையும் பாத்தேன். செடி இருந்த சத்தையெல்லாம் காய்க்கே குடுத்துடுச்சு. தூர் நெருக்கி நடுவுல அழுக ஆரம்பிச்சிடுச்சு.

கூட சமைக்கிற ராசாத்தி இந்த மலைக்காரி. அவளுக்கும் புருசன் இல்ல. தலை நிறைய கனகாம்பரம் வெச்சுக்கிட்டுத்தான் வருவா. "எங்க பக்கம் இப்படியெல்லாம் இல்லக்கா. நீ யாருன்னு செடிக்கு இன்னா தெரியும்?"னு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கோவம் வந்துச்சு. யார் மேலன்னுதான் தெரியல.

இன்னிக்கு மத்தியானம் வேலை முடிஞ்சு வந்ததும் புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு இறங்கிட்டேன். காய்த்தண்டையெல்லாம் நறுக்கினேன். ஒரு தூரைக் கடப்பாரையால கிளப்பிப் பிரிச்சேன். இலையை ஒரு சாணுக்கு வெட்டி, குழிக்குள்ள மண்ணைக் குவிச்சு, அது மேல வேரைச் சுத்திப் பரப்பி நட்டேன். பயமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

அக்கா வாசப்படியில நின்னு பாத்தாங்க. உள்ள போய்ப் பையில துணியை அடுக்கினாங்க. காலைப் பஸ்சுக்குப் போறாங்களாம். நான் ஓடிப்போய் கையைப் புடிச்சேன். "செடிதானே அண்ணி, இதுல தப்பு ஒண்ணும் இல்ல"ன்னேன்.

"பத்தொம்பது வயசுல தாலி அறுத்தேன். அன்னிலேர்ந்து பூவைத் தொட்டதில்ல. தப்பு இல்லைன்னா, இத்தினி வருஷமா எனக்கு ஏன்டி யாரும் சொல்லல?"ன்னாங்க.

என்னங்க, நீங்களும் சொல்லலியே. அவங்க வர்றப்பல்லாம் ஒவ்வொரு பூவாக் காட்டுவீங்க. அவங்க வேலிக்கு அந்தாண்டயே நின்னு பாத்துட்டுப் போவாங்க. உள்ள வாக்கான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமில்ல? எனக்கும்தான் அப்ப தோணல. நம்ம ரெண்டு பேர் மேலயும் எனக்கு ஆத்திரமா வருது.

பை கதவாண்ட இருக்கு. சின்னவன் அவங்க மடியிலயே தூங்கிட்டான். அவங்க போய்ட்டா இவனை யார்கிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போறது?

ஆனா ஒண்ணு, உங்களுக்கு வாக்கு குடுக்கறேன். பிரிக்காத தூர் இன்னும் கிடக்கு. விடிஞ்சதும் அக்காவை வேலிக்கு உள்ள கூட்டிட்டுப் போய், அவங்க கையாலயே ஒண்ணு நட வெப்பேன். பஸ் ஏறுறதா இருந்தாலும் கையில மண்ணோட ஏறட்டும்.

இப்படிக்கு,
உங்க அக்காவோட தம்பி பொண்டாட்டி