குவாங்சோவில் தவறவிட்ட பக்கத்துக் கடைக்காரர்

அன்புள்ள நானா,

இன்று காலை மின்சார பில்லைத் தேடி அலுமாரியின் மேல்தட்டைக் கிளறியபோது ஒரு மஞ்சள் தொப்பி தலையில் விழுந்தது. பாச்சை உருண்டை வாசம். பெயின்ட் கம்பனியின் பெயர் அழிந்து, ஓரத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். எனக்கு உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. நாம் இரண்டு பேரும் இதே தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், சீனாவின் அந்தப் பெரிய நகரத்தைச் சுற்றினோமே!

ஏன் பேசவில்லை என்பது நம் கடைகள் இருக்கும் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் எல்லோருக்கும் தெரியும். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, விற்பதற்கு ஒரு சாக்கு நிறையத் தாழ்ப்பாள்களோடு நான் வந்திறங்கியபோது, உங்கள் கடை வாசலில் பாதி நிழலை எனக்கு விட்டவர் நீங்கள். பிறகு உங்களுக்குப் பக்கத்திலேயே நானும் ஹார்ட்வெயார் கடை போட்டேன். வியாபாரம் ஏற ஏற, என் குழாய்களும் தண்ணீர்த் தாங்கிகளும் நடைபாதையில் இறங்கின. ஒரு நாள் நகரசபை லொறி வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. நகரசபைக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான் என்று யாரோ காதில் ஓதினார்கள். நான் உங்களிடம் வந்து கேட்கவேயில்லை. அடுத்த நாளிலிருந்து உங்கள் கடைப்பக்கம் தலையைத் திருப்புவதை நிறுத்தினேன். ஆறு வருஷம்! கழுத்தே அதற்குப் பழகிவிட்டது.

அந்த ஆறாவது வருஷம், அதிகம் பெயின்ட் விற்றவர்களைக் கம்பனி குவாங்சோவுக்கு அழைத்துப் போனது. மூன்று நாள். கொழும்புக் கந்தோரில் யாரோ நல்ல மனதோடு, "கண்டிக்காரர்கள், பக்கத்துப் பக்கத்துக் கடை" என்று நம்மை ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். நான் ஏசியைக் குறைப்பேன், நீங்கள் ஏற்றுவீர்கள். நீங்கள் தொழும்போது மட்டும் நான் தொலைக்காட்சியை நிறுத்துவேன், நீங்கள் குளியலறையில் எனக்குப் பாதிச் சவர்க்காரத்தை வைத்துவிட்டுப் போவீர்கள். அவ்வளவுதான் உறவு.

வழிகாட்டி, கையில் சின்னக் கொடி பிடித்த ஒரு கெட்டிக்காரப் பெண். பஸ்ஸில் அவள் தலைகளை எண்ணமாட்டாள். "உங்கள் அறைக்காரர் ஏறிவிட்டாரா என்று பார்த்து நீங்களே கை தூக்குங்கள்" என்பாள். எல்லாருக்கும் அது சரியான முறைதான். ஒரே ஒரு அறைக்குத்தான் சரிவரவில்லை.

இரண்டாம் நாள், ஒரு பழைய குலத்தாரின் மண்டபத்தைக் காட்டினாள். கூரை முழுக்கச் சுதைப் பொம்மைகள். எல்லாரும் அண்ணாந்து படம் எடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு பஸ்ஸில் ஏறினோம். அவள் கேட்டாள், கைகள் எழுந்தன, நானும் தூக்கினேன். பழக்கதோஷம், பக்கத்தில் பார்க்கவில்லை.

நகரக் கோபுரத்தைப் பார்க்கப் போகிற வழியில் வெயில் என் முகத்தில் சுள்ளென்று அடித்தது. ஜன்னல் பக்கம் எப்போதும் உங்கள் பெரிய உடம்பு இருக்கும், வெயில் என்னிடம் வராது. திரும்பினேன். சீட்டில் உங்கள் கைப்பை மட்டும். அதற்குள் சீனி வருத்தத்துக்கான உங்கள் மாத்திரை, பிஸ்கட், ஹோட்டல் விலாசம் எல்லாம். பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

"நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டேன், தமிழில்.

"நீங்கள்தானே கை தூக்கினீர்கள்?" என்றாள் அந்தப் பெண், முகம் வெளுத்து.

தூக்கினேன் என்று ஒப்புக்கொண்டேன். மற்றவர்களை விட்டுவிட்டு அவளால் வர முடியாது. மண்டபத்தின் பெயரைச் சீன எழுத்தில் எழுதித் தந்து என்னை டாக்சியில் ஏற்றினாள். உங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு, அக்குறணையில் உங்கள் மனைவியின் முன்னால் போய் நிற்பதை நினைத்தேன். டாக்சிக்காரரிடம் அந்தச் சீன எழுத்தை மறுபடியும் நீட்டிக் காட்டினேன்.

நீங்களோ மண்டபத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, காவல்காரக் கிழவருக்கு விரலால் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தீர்கள். முகம் முழுக்க வியர்வை. என்னைக் கண்டதும், நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிறவர் மாதிரி, "வந்திட்டீங்களா? இந்தக் கதவப் பாருங்க. ஒரு ஆணி இல்ல, எவ்வளவு பாரத்தத் தாங்குது!" என்றீர்கள்.

எல்லாரும் கூரையைப் பார்க்க, நீங்கள் கதவைப் பார்த்திருக்கிறீர்கள்.

"மொதல்ல பிஸ்கட்டச் சாப்பிடுங்க நானா. பஸ் போயிருச்சு. நீங்க இருக்கீங்கன்னு நான்தான் கை தூக்கிட்டேன். பாக்காமலே தூக்கிட்டேன்."

"ஆறு வருஷமாப் பாக்காத மனுசன், இண்டைக்கு மட்டும் பாப்பீங்களா?" வாய் நிறையப் பிஸ்கட்டோடு சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிச்சல் வந்தது. "நகரசபைக்குச் சொன்னது நீங்களா?"

"நான்தான். உங்கட குழாயத் தாண்டி என்ட கடைக்குள்ள ஆள் வர வழி இரிந்திச்சா? மூணு தரம் சொன்னேன், நீங்க கேக்கல்ல. லொறி வந்த அண்டைக்கி வந்து நல்லா ஏசுவீங்க, பேசித் தீத்துக்குவோம்னு பாத்துக்கிட்டு இரிந்தேன். நீங்க வாயையே மூடிட்டீங்க."

மூன்று தடவை சொன்னது உண்மை. ஆறு வருஷமாக அதை நான் வசதியாக மறந்திருந்தேன்.

"உங்க சீமெந்து பழசுன்னு வாற ஆளுக்கெல்லாம் சொன்னது நான்தான்."

"தெரியும். அதுக்குப் பொறகுதான் உங்கட வாளியெல்லாம் ஓட்டைண்டு நானும் சொல்லத் தொடங்கினேன்."

கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

கோபுரத்தின் மேலே ஏற நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. டாக்சி ஜன்னலில் தூரத்தே தெரிந்ததோடு சரி. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஊர் திரும்பி, மறுபடி நடைபாதையில் இறங்கியிருந்த என் சாமான்களை உள்ளே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாம் பக்கத்துப் பக்கத்தில் சண்டை போட்டும் சிரித்தும் கடை நடத்திய வருஷங்கள், இரண்டு பேருக்கும் நல்ல வருஷங்கள்.

இப்போது நீங்கள் இல்லை, கடையில் உங்கள் மகன். நான் என் கதவைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் பக்கம் ஒரு தரம் பார்க்கிறேன். நேற்று ஒன்பது மணியாகியும் பூட்டியே கிடந்தது. போன் போட்டேன்.

"அங்கிள், அக்குறணையில டயர் பஞ்சர். அரை மணித்தியாலத்தில வந்திடுவேன்."

உங்கள் வாசலில் ஒருவர் பெயின்ட் பிரஷ் வாங்கக் காத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "ஒங்க கடையில இல்லையா முதலாளி?" என்று கேட்டார்.

"இருக்கு. அவரு இப்ப வந்துருவாரு, உக்காருங்க" என்று கதிரையை எடுத்துப் போட்டேன்.